ஏற்காட்டில் இரண்டு நாள் பிரிட்ஜ் வகுப்பு: நோ-டிரம்ப் ஆட்டத்துக்காகவே போகலாம்

பிரிட்ஜ் (நாலு பேர் ஜோடி ஜோடியாக ஆடும் சீட்டாட்டம்) ஓரளவு ஆடத் தெரிந்து, எத்தனை ட்ரிக் (ஆளுக்கு ஒரு சீட்டு இறங்கும் ஒரு சுற்று) எடுப்போம் என்று சொல்லும் ஏலத்தில் 3 நோ-டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, அப்புறம் ஆட்டத்தில் ஒரு ட்ரிக் குறைந்து தோற்றுக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் இந்த வகுப்பில் சேருங்கள். சீட்டையே இப்போதுதான் கையில் எடுக்கப் போகிறவர்களுக்கு இது சரிவராது, முதல் மணி நேரத்திலேயே பின்தங்கிவிடுவீர்கள்.

ஏரிக்குக் கொஞ்சம் மேலே, காப்பித் தோட்டத்தை ஒட்டின ஒரு பழைய ஓட்டு வீட்டில், சனி ஞாயிறு நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஆளுக்கு 1,800 ரூபாய், மதியச் சாப்பாடும் டீயும் அதிலேயே அடக்கம், தங்குவது நம் செலவு. நானும் என் மச்சினனும் சேலத்திலிருந்து விடிகாலையிலேயே கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, டிபன் முடித்து ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தோம். நாலு மேசை, 16 பேர்.

வகுப்பின் உயிர் ஒரே ஒரு பழக்கத்தில் இருக்கிறது. முதல் சீட்டு இறங்கி டம்மியும் (ஜோடிக்காரரின் சீட்டு) மேசையில் விரித்தாகிவிட்டால், டிக்ளேரர் (அந்த இரண்டு கையையும் ஆடுபவர்) கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை ட்ரிக் இப்போதே உறுதி, இன்னும் எத்தனை வேண்டும், அது எந்த ஜாதியிலிருந்து (ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப்) வரும், எதிராளி இருவரில் யார் கைக்கு ஆட்டம் போகக்கூடாது என்று நாலையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் டீச்சர் டம்மியிலிருந்து ஒரு சீட்டைக்கூட எடுக்க விடுவார். நாம் வீட்டில் எப்படி ஆடுகிறோம்? டம்மி விரிப்பதற்குள் சின்னச் சீட்டு ஒன்றை எடு என்று சொல்லிவிடுகிறோம், பாதி ஆட்டத்தில் உட்கார்ந்து எண்ணுகிறோம், அதற்குள் காரியம் கெட்டுப்போயிருக்கும்.

எனக்கு வந்த கையை அப்படியே சொல்கிறேன். என்னிடம் ஸ்பேட் ஏஸ் 8 4, ஹார்ட் ஏஸ் 7 5, டைமண்ட் குயின் 8 4, கிளப் ஏஸ் கிங் 6 2. டம்மியில் ஸ்பேட் 7 3, ஹார்ட் கிங் 6 4, டைமண்ட் ஏஸ் ஜாக் 10 9 5, கிளப் 8 5 3. இரண்டு கையும் சேர்த்து 25 பாயின்ட் (பெரிய சீட்டுகளின் மதிப்பு), 3 நோ-டிரம்ப், அதாவது 9 ட்ரிக். இடது பக்கத்தவர் ஸ்பேட் 6 இறக்கினார், டம்மியிலிருந்து 3 போட்டேன், வலது பக்கத்திலிருந்து குயின் விழுந்தது. என் கை தானாக ஏஸுக்குப் போனது.

“எதுக்கு அவசரம் தம்பி? அந்த ஏஸ் எங்கயும் ஓடிப் போயிராது. எண்ணுங்க,” என்றார் டீச்சர்.

எண்ணினேன். ஸ்பேடில் ஒன்று, ஹார்ட்டில் இரண்டு, டைமண்டில் ஒன்று, கிளப்பில் இரண்டு. ஆக 6 உறுதி, இன்னும் 3 வேண்டும். கிளப்பில் தேற்றலாமே என்று மச்சினன் கேட்டான். எதிராளிகளிடம் 6 கிளப் இருக்கிறது, அது 3-3 ஆகப் பிரிய 36 சதவீதம்தான் வாய்ப்பு, பிரிந்தாலும் நமக்குக் கூடுவது ஒரே ஒரு ட்ரிக் என்று டீச்சர் சொன்னார். டைமண்ட் அப்படியில்லை, கிங் எதிரிக்கே போனாலும் மீதி 4 நம்முடையது. ஆக வேலை டைமண்டில், கையிலிருந்து குயினை விட்டு ஃபினெஸ் (கிங் இடது பக்கத்தில் இருக்கும் என்று நம்பி ஆடுவது) எடுக்கப் போகிறேன், அது தோற்றால் வலது பக்கத்தவர் கைக்குத்தான் ஆட்டம் போகும். அந்த நேரத்தில் இடது பக்கத்தவருக்குத் திருப்பி அடிக்க அவரிடம் ஸ்பேட் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

அதற்குத்தான் 7 கணக்கு. எதிரி இறக்கிய ஜாதியில் நம் இரண்டு கையிலும் சேர்த்து இருக்கும் சீட்டை 7-லிருந்து கழித்தால் எத்தனை முறை ஏஸை விடாமல் பிடித்து வைக்க வேண்டும் என்று வரும். ஸ்பேட் எங்களிடம் 5, ஆக இரண்டு முறை. குயினுக்கு 4 போட்டேன், அடுத்து வந்த 10-க்கு 8 போட்டேன், மூன்றாவதாக 5 வந்தபோது டம்மியில் ஒரு கிளப்பைக் கழித்துவிட்டு ஏஸை எடுத்தேன். இடது பக்கத்தவரிடம் கிங், ஜாக் இன்னும் நிற்கிறது, வலது பக்கத்தில் ஸ்பேடே இல்லை. டைமண்ட் குயினை விட்டேன், வலது பக்கம் கிங் பிடித்தது, திருப்பி அடிக்க ஸ்பேட் இல்லாமல் ஹார்ட் போட்டார், மீதி டைமண்ட் நாலும் எனக்கு. சரியாக 9.

பிறகு அதே கையை மறுபடி கலைத்து வைத்து, ஏஸை முதலிலேயே எடுத்தால் என்ன ஆகும், ஒரே ஒரு முறை மட்டும் விட்டால் என்ன ஆகும் என்று ஆட வைத்தார். இரண்டு தடவையும் நாலு ஸ்பேடும் டைமண்ட் கிங்கும் போய் 8-இல் நின்றேன். ஸ்பேட் 4-4 ஆக இருந்திருந்தால் எப்படி ஆடினாலும் தப்பித்திருப்போம், 5-3 ஆக இருக்கும்போதுதான் இந்தப் பொறுமைக்கு விலை என்பது கையால் ஆடிப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது. முன்பு ஒரு ஆன்லைன் வகுப்புக்கு இதைவிட இரண்டு மடங்கு கட்டியிருக்கிறேன், அதில் இந்த விதியை வாக்கியமாக எழுதிக்கொடுத்ததோடு சரி.

இடது பக்கத்தவர் இறக்கியது அவருடைய நாலாவது பெரிய சீட்டு என்றால் 11-லிருந்து அதைக் கழிக்கும் கணக்கும் அன்றே வந்தது. 11-இல் 6 போனால் 5, அதாவது 6-க்கு மேலான ஸ்பேட் மற்ற மூன்று கையிலும் சேர்த்து 5. என்னிடம் ஏஸ், 8, டம்மியில் 7. ஆக வலது பக்கத்தில் இரண்டே இரண்டு, குயினும் 10-உம். சீட்டைப் பார்க்காமலே பார்த்த மாதிரி இருந்தது, அந்த நிமிடம் எனக்கு உடம்பே சிலிர்த்தது.

ஞாயிறு என்ட்ரி பற்றி. டம்மிக்குப் போக வழி இல்லாமல் நல்ல சீட்டெல்லாம் அங்கேயே செத்துப்போகும் கைகள், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மதியத்துக்கு மேல் ஏலச் சண்டையில் ஒரு மணி நேரம் போய்விட்டது, டீச்சர் அதை வெட்டியிருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பின்னறையில் வெளிச்சம் போதாது, மூடுபனி இறங்கினால் நாலு மணிக்கே டைமண்டும் ஹார்ட்டும் ஒரே மாதிரியாகத் தெரிகிறது. ஒரு மேசைக்குக் கொடுத்த சீட்டுக்கட்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. மே மாதக் கோடை விழா சமயத்தில் மட்டும் பதிவு செய்யாதீர்கள், மலைப்பாதையிலேயே காலை போய்விடும். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை, காப்பி அருமை.

சீட்டாட்டமா என்று வீட்டில் முகம் சுளிப்பவர்களுக்கு: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஆண்கள் ஜோடிப் பிரிவில் நம் நாட்டுக்குத் தங்கம் வந்தது, வாங்கியவர்களில் பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60. மச்சினன் தன் அம்மாவிடம் இதைச் சொல்லித்தான் அனுமதி வாங்கி வந்தான்.

எனக்குப் பெரிய குறை ஒன்றே ஒன்று, கையில் கொடுக்கிற தாள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆத்தூரிலிருந்து வந்த ஒரு அண்ணன் ஆட்டத்தில் எங்களைவிடக் கெட்டி, தாளைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டார். டீச்சரிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். நோ-டிரம்ப் பகுதியின் நாலு தாளையும் தமிழில் எழுதித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன், இரண்டு முடிந்துவிட்டது.