டோமஹாக் காம்பில் கயிறா, தோலா? மூன்று வருடம் சுற்றிப் பார்த்த அனுபவம்

டோமஹாக் என்ற சின்னக் கைக்கோடாரி கைக்கு வந்த முதல் வாரமே காம்பில் கயிறு சுற்றிவிட்டேன். படங்களில் பார்த்த அழகு ஒரு காரணம். வியர்த்த கையில் மரம் வழுக்குமோ என்ற பயம் இன்னொரு காரணம். இந்த மூன்று வருடத்தில் அதே காம்பில் பாராகார்ட் (பாராசூட்டுக்குப் பயன்படும் நைலான் கயிறு), தார் பூசிய நைலான் கயிறு, பதனிடாத தோல், பதனிட்ட தோல் என நாலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. இன்று அதில் மிஞ்சியிருப்பது தலைக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு ஒரு தோல் உறை மட்டும்தான். கை பிடிக்கும் இடம் வெறும் மரம்.

காம்பு ஹிக்கரி மரம், 48 செ.மீ. நீளம். சுள்ளி பிளப்பது, கிளை கழிப்பது, அவ்வப்போது எறிந்து பழகுவது, இவ்வளவுதான் அதற்கு வேலை.

பாராகார்டை முதலில் உள் இழைகளை உருவாமல் முழுசாகவே சுற்றினேன். 10 செ.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 3 மீட்டர் கயிறு போனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கையில் எடுத்ததும் ஏதோ சரியில்லை. காம்பு முட்டை வடிவத்தில் செதுக்கப்பட்டிருப்பது சும்மா இல்லை. கண்ணை மூடிப் பிடித்தாலும் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். 4 மி.மீ. கயிறு அந்த வடிவத்தை மூடி, காம்பை ஒரு உருட்டுக்கட்டை ஆக்கிவிட்டது. வெட்டு கோணலாக விழ ஆரம்பித்தது. அப்புறம் உள்ளே ஓடும் ஏழு இழைகளையும் உருவிவிட்டு, வெறும் மேலுறையை மட்டும் சுற்றினேன். அது தட்டையாகப் படிந்தது, வடிவமும் ஓரளவு திரும்பக் கிடைத்தது. ஆனால் நைலான் நனைந்தால் நெகிழும். ஒரு நாள் மழையில் வேலை செய்து முடித்தபோது, சுற்று மொத்தமும் ஒரு செ.மீ. கீழே இறங்கியிருந்தது. ஓங்கும் நேரத்தில் பிடி நகர்வது விளையாட்டு இல்லை. அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன்.

தார் பூசிய கயிறு இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். மெல்லியது, முறுக்கானது, நனைந்தாலும் முடிச்சு நழுவாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் காம்பைச் சுற்றி ஒரு புரி ஏறிக்கொண்டே வரும். பிடிக்க அருமையாக இருக்கும். அதுவும் அரை மணி நேரம்தான். அதற்குமேல் அந்தப் புரியே உள்ளங்கையை அறுக்கும். எனக்குக் கட்டைவிரல் அடியில் கொப்புளம் வந்தது அந்தக் கயிற்றால்தான்.

பதனிடாத தோலை மரியாதையாகவே அணுகினேன். டோமஹாக் என்ற சொல்லே வர்ஜீனியாப் பகுதியின் பவட்டன் மக்களுடைய அல்கோன்கிய மொழியிலிருந்து வந்தது. இரும்புத் தலை ஐரோப்பிய வியாபாரத்தோடு வந்து சேரும் முன்பே வட அமெரிக்கப் பழங்குடியினர் கல் தலையைக் காம்போடு கட்டப் பதனிடாத தோல் வாரைப் பயன்படுத்தினார்கள். ஈரமாகச் சுற்றிக் காயவிட்டால் சுருங்கி, மரத்தோடு மரமாக இறுகிவிடும். குறி தவறிக் காம்பே கட்டையில் மோதும் அடிக்கு இதைப் போலத் தாங்குவது வேறொன்றும் இல்லை. ஒரே குறை, நன்றாக நனைந்தால் மறுபடி இளகிவிடும். மழையில் வேலை இல்லாதவர்கள் தாராளமாகப் போடலாம்.

கடைசியில் நான் நின்றது, தாவரச் சாறில் பதனிட்ட 2 மி.மீ. மாட்டுத்தோலில். காம்பின் சுற்றளவைவிட 3 மி.மீ. குறைவாக வெட்டி, ஊற வைத்து, இழுத்து, மெழுகு பூசிய நூலில் இரண்டு ஊசி போட்டுத் தைக்க வேண்டும். காய்ந்ததும் மேல்தோல் போல ஒட்டிக்கொள்ளும். தையல் எந்தப் பக்கம் வருகிறது என்பது முக்கியம். முதல் தடவை, தைக்க வசதியாக இருக்கிறதே என்று வாய்ப் பக்கமே தையலைக் கொண்டுவந்தேன். குறி தவறினால் கட்டையில் மோதுவது அந்தப் பக்கம்தான். ஒரே மாதத்தில் நூல் அறுந்து, தோல் பிளந்து தொங்கியது. இப்போது தையல் முதுகுப் பக்கம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. டோமஹாக் காம்பு மேலிருந்து தலைக்குள் நுழைவது, மேல்முனைதான் தடிமன். மரம் வற்றினால் தலை கீழ்நோக்கி இறங்கித் தளரும். உறையைத் தலையோடு ஒட்டித் தைத்துவிட்டால் தலை இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அப்படித்தான் ஆனது. தலை ஆடும் சத்தத்தைக் கேட்டுத்தான் சுதாரித்தேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் தலைக்கும் தோலுக்கும் நடுவே அரை செ.மீ. இடைவெளி விடுகிறேன். ஈரத்தோல் இரும்பில் பட்டுக் கறுத்துப் போவதும் இதனால் நிற்கிறது. தலையைக் கழற்ற வேண்டுமென்றால் தையலைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், அதற்கு வழியில்லை.

கைப்பிடியை வெறும் மரமாக விட்டதற்குக் காரணம் எறிதல். காம்பு கையிலிருந்து ஒரே சீராக வழுகிப் போக வேண்டும். சுற்று இருந்தால் கடைசி நொடியில் அது கையைப் பிடித்து இழுக்கும், சுழற்சி கெடும். கிளை கழிக்கும்போதும் கை மேலும் கீழும் ஓடத்தான் வேண்டும். வழுக்கல் பயத்துக்கு உப்புத்தாள் போதும். கடையிலிருந்து வரும் வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவித் தேய்த்தால் வியர்வையிலும் மரம் கையோடு நிற்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்காதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிடுங்கள்.

போன வாரம் பழைய உறையைப் பிரித்தேன். தோலில் ஆழமாக மூன்று காயம். அடியில் மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை, ஈரக் கறையும் இல்லை. புதுத் தோல் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.