மணல் தின்ற அட்டைகள்: லார்ப் படங்களுக்கு ஒரு சின்ன பிரிண்டர், இரண்டு வருடக் கணக்கு

"விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா?" என்று உச்சிப்புளியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். லார்ப் ஆடுகிறவர், வேடம் கட்டி, நாள் முழுக்க அந்தப் பாத்திரமாகவே திரிகிற ஆட்டம். ஓர் ஆட்டம் முடிந்தால் இரண்டாயிரம் படம் சேருகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவர் குறை. அவர் கேட்பது டிபன் பாக்ஸ் அளவிலான டை-சப்ளிமேஷன் பிரிண்டரை, அதாவது ரிப்பனில் இருக்கிற சாயத்தைச் சூட்டால் தாளில் ஏற்றுகிறதை, 100க்கு 148 மில்லிமீட்டர் அட்டை போடுகிற வகையை. வைஃபை, செயலி சமாசாரமெல்லாம் அவருக்கே தெரியும். ஆட்டம் கடற்கரையில் என்பதால் நேராக மணலுக்கு வருகிறேன்.

இந்த வகையில் தாள் ஒரே ஓட்டத்தில் அச்சாகாது. மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியில் நிறமில்லாத ஒரு மேல்பூச்சு என்று நான்கு தடவை போய்வரும். ஒவ்வொரு தடவையும் தாளின் பெரும்பகுதி முதுகுப்பக்கத் துவாரம் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஏசி அறையில் வைத்து கல்யாணப் படம் போடுகிறவருக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் வைத்தால், அந்த நீட்டிய தாள் மணல் ஏந்துகிற முறம்.

புள்ளியின் நிறத்தைப் பார்த்தே மணல் எப்போது விழுந்தது என்று சொல்லிவிடலாம். வெள்ளைப் புள்ளி என்றால் முதல் ஓட்டத்துக்கு முன்பே ஒட்டி, கடைசிவரை விழவில்லை. மஞ்சள் புள்ளி என்றால் மஞ்சள் ஓட்டம் முடிந்தபிறகு வந்து உட்கார்ந்தது. சிவப்பு என்றால் சயானுக்குச் சற்று முன்பு. நீலம் என்றால் மஞ்சள் ஓட்டத்தில் மட்டும் இருந்துவிட்டு உதிர்ந்தது. நிறமெல்லாம் சரி, சாய்த்துப் பார்த்தால் ஓரிடம் மட்டும் மங்கலாக இருக்கிறது என்றால் மேல்பூச்சின்போது விழுந்தது. இவையெல்லாம் ஓர் அட்டையோடு போகும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரே இடத்தில் நேர்கோடு வந்தால்தான் பயப்பட வேண்டும். மணல் அச்சடிக்கிற ஹெட்டிலோ தாளை இழுக்கிற ரோலரிலோ உட்கார்ந்துவிட்டது. எங்கள் பிரிண்டர் சர்வீஸுக்குப் போனது அந்தக் கோட்டால்தான். உத்தரவாதத்தில் மணல் வராதாம். முதுகுக்கு மூடியாக ஒரு பிளாஸ்டிக் துண்டு வைக்க மனசு வராத ஆட்கள், இதை மட்டும் சின்ன எழுத்தில் மறக்காமல் போட்டிருக்கிறார்கள்.

கரையில் கைக்குக் கிடைப்பது தெர்மாகோல் மீன் பெட்டி. அதற்குள் பிரிண்டரை வைக்கிற யோசனை எல்லோருக்கும் வரும், வேண்டாம். தெர்மாகோல் தூள் மணலைவிட மோசமாக ஒட்டும். உள்ளே சூடும் தேங்கி, பிரிண்டர் பாதியில் நின்று ஆறிக்கொள்ளும். அடி அகலமான பிளாஸ்டிக் டப்பாவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, திறந்த வாயில் நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியைத் தொங்கவிடுங்கள். பிரிண்டரின் முதுகுக்குப் பின்னால் ஒரு தாள் நீளம் காலியாக இருக்கட்டும். தாளை ஓரம் பிடித்தே எடுக்க வேண்டும். விரல்ரேகை எண்ணெயும் புள்ளி போடும். ஊதுவதற்கு ரப்பர் ப்ளோயர், வாயால் ஊதினால் எச்சில். இதையும்விட நல்லது, கரையில் அச்சடிக்கிற ஆசையையே விட்டுவிட்டு இரவு தங்குகிற வீட்டுக்குள் அடிப்பது.

இவ்வளவு திட்டியும் இது இன்னும் பையில் கிடக்கக் காரணம் அட்டையின் முதுகு.

திரையில் பார்க்கிற லார்ப் படம் பாதிப் படம்தான். அதில் வேடம் தெரியும், ஆட்டம் தெரியாது. ஆடியவர் மனதில் அப்போது என்ன ஓடியது என்பது இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். ஆகவே அன்றிரவே அட்டையைக் கையில் கொடுத்து, முதுகில் பால்பாயின்ட் பேனாவால் மூன்று வரி எழுதச் சொல்ல வேண்டும். ஜெல் பேனா தேய்த்தால் ஈஷிக்கொள்ளும். கேள்விகள் இவை: அந்த நேரம் எதை மறைத்துக்கொண்டிருந்தீர்கள்? எதிரில் நின்றவர் என்ன நினைக்கிறார் என்று நம்பினீர்கள்? அடுத்து என்ன ஆனது?

அழகன்குளத்தைப் பழைய துறைமுகமாக வைத்து ஓர் ஆட்டம். ரோமானியக் காசும், கப்பல் கீறிய பானையோடும் அகழாய்வில் கிடைத்த ஊர் அது. (ஆட்டம் தோப்பில்தான். அகழாய்வுக் குழிப் பக்கம் வேடத்தோடு போகாதீர்கள்.) ஓர் அட்டையில் வணிகர் ஒருவர் தராசைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், முகத்தில் சலனமே இல்லை. முதுகில் இப்படி: "தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டியிருந்தேன். சுங்கக் கணக்கர் கண்டுபிடிச்சிட்டார்னு நெனச்சு வேர்த்துருச்சு. அவர் பார்த்தது என் ரப்பர் செருப்பை." அடுத்த ஆட்டத்தில் கள்ளத் தராசு என்ற வதந்தி இந்த மூன்று வரியிலிருந்துதான் கிளம்பியது. அட்டை ஆட்டத்துக்குள் போகாது, அந்தக் காலத்தில் ஏது போட்டோ. முதுகில் எழுதிய சேதி மட்டும் போகும். புதிதாக வருகிறவருக்கு விதிப் புத்தகத்தைக் கொடுப்பதற்குப் பதில் பத்து அட்டையை முன்னும் பின்னும் காட்டினால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்.

எந்தப் படத்தை அச்சடிப்பது என்ற தேர்வுக்குத் தாளே வரம்பு. ஒரு கட்டுக்கு 108 தாள் (அர்ச்சனைக் கணக்கு), மூன்று ரிப்பன் கேசட், ஒரு கேசட்டுக்கு 36 தாள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு கேசட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பேர் ஆடினால் ஆளுக்கு ஒன்று 24, கூட்டக் காட்சி 6, மீதி 6 மணலுக்குக் காணிக்கை. பாதியில் கெட்டால் தாளோடு அந்த ரிப்பன் கட்டமும் போச்சு, பின்னுக்குச் சுற்ற முடியாது. கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படத்தை முதலில் தள்ளுங்கள். கைகள் ஏதாவது செய்துகொண்டிருக்கிற படத்தை எடுங்கள்.

எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஆட்டத்துக்கு முன் ஒரே போனைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் காட்சி வரிசை குழம்பும். குழம்பிவிட்டால் டிஜிகாம் மென்பொருளில் நேரத்தை மொத்தமாக நகர்த்தலாம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் அழிந்துவிடும், இருட்டுக் காட்சி கட்டம் கட்டமாக உடையும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போன் படம் நாலுக்கு மூன்று விகிதம். படுக்கை வாட்டத்தில் ஓரமில்லாமல் அச்சடித்தால் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டுப்படும், பெரும்பாலும் தலைப்பாகை. தானியங்கித் திருத்தத்தை அணைத்து வையுங்கள். அரிக்கேன் வெளிச்சத்தில் நிற்கிற கறுத்த முகத்தை அது வெளுத்துவிடும், யாரும் கேட்காமலே.

படம் வேண்டாம் என்பவர்களை அடையாளம் காண வெளியூர்க்காரர்கள் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டச் சொல்வார்கள். இங்கே பாதிப் பேர் கையில் ஏற்கெனவே கோயில் கயிறு. தோளில் நீல ரிப்பன் கட்டுங்கள்.

நீல ரிப்பன்காரர் தவறி ஒரு படத்தில் விழுந்து, அட்டையைக் கிழித்துவிட்டாலும் வேலை முடியவில்லை. தீர்ந்துபோன கேசட்டின் ரிப்பனை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அச்சடித்த ஒவ்வொரு முகமும் நெகட்டிவ் மாதிரி அதில் வரிசையாக இருக்கும். கத்தரித்துத் துண்டாக்காமல் குப்பைக்குப் போடாதீர்கள்.

தனுஷ்கோடி இடிபாட்டில் வேடத்தோடு படம் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார். 1964 டிசம்பர் புயலில் ஆட்களை இழந்த குடும்பங்கள் இன்னும் தீவில் இருக்கின்றன. வேண்டாம்.

அட்டைகளை ஸ்டுடியோ ரெக்சின் ஆல்பத்தில் போடாதீர்கள். மெத்தென்ற பிவிசி பட்டால் சாயம் அதில் ஏறும். பாலிப்ரொப்பிலீன் உறை, அல்லது சும்மா காகித உறை. அடிக்காத தாளை ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உப்புக்காற்றில் வளைந்த தாள் இழுக்கும்போது சிக்கும்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. வாங்காதீர்கள். எங்களுடையதை இரவல் கேட்டாலும் தருவதாக இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு கட்டுத் தாள் சொல்லியாகிவிட்டது. கச்சான் அடிக்கும்போது கேட்டதால் இந்தப் பதில். தை மாதம் தென்கடல் பக்கம் காற்று அடங்கிக் கிடக்கும்போது கேட்டிருந்தால் மூன்றரை போட்டிருப்பேன்.