கதிரியக்க டைனோசர் எலும்பு: மூடி வைப்பதா, காற்றாட வைப்பதா?

அமெரிக்காவின் யூட்டா, கொலராடோ பக்கம் மோரிசன் பாறை அடுக்கில் கிடைக்கும் டைனோசர் எலும்புகளில் சிலவற்றுக்குப் பக்கத்தில் கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கவுண்டரைக் கொண்டுபோனால் படபடவென்று சத்தம் வரும். காரணம், எலும்பில் இருக்கும் யுரேனியம் என்ற கதிரியக்க உலோகம். அந்த விலங்கு உயிரோடு இருந்தபோது வந்தது இல்லை அது. புதைந்த பிறகு நிலத்தடி நீரில் கரைந்து வந்ததை எலும்பின் அபடைட் கனிமம் பிடித்து வைத்துக்கொண்டது.

சரி, அப்படி ஒரு எலும்பை வீட்டில் எப்படி வைப்பது? காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யுரேனியம் சிதையும் வழியில் ரேடியம் வரும், அதிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வரும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 3.8 நாள்தான் என்றாலும், அடைத்த டப்பாவுக்குள் சுமார் ஒரு மாதத்தில் சேரக்கூடிய உச்ச அளவை ஏறக்குறைய எட்டிவிடும். அப்புறம் ஒருநாள் ஆசையாக மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனால், அது மூச்சோடு உள்ளே போகும். நெடுநாள் ரேடானைச் சுவாசிப்பது நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு முக்கியக் காரணம்.

காற்றோட்டமான அலமாரி இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் காற்று படுக்கையறைக்குள் போனால் பயனில்லை, வீட்டுக்கு வெளியே போக வேண்டும். எலும்பு உதிர்கிற ரகமாக இருந்தால் மட்டும் டப்பாவில் வைக்கலாம், தூசி பரவாது. திறப்பதை வெட்டவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயப்பெட்டி வாங்கலாமா என்றால், எலும்பிலிருந்து வரும், ஊடுருவிச் செல்லும் காமா கதிரை அது குறைக்கும், ரேடானுக்கு அது பதில் இல்லை. காமாவுக்குத் தூரமே போதும்: சின்னத் துண்டிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் கால் பங்காகிவிடும்.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது தூசிக்குத்தான். எலும்பிலிருந்து வரும் இன்னொரு வகையான ஆல்ஃபா கதிரைத் தோலே தடுத்துவிடும், ஆனால் அதை வெளியிடும் யுரேனியம் தூசியாக நுரையீரலுக்குள் போய்விட்டால் தடுக்க எதுவும் இல்லை. அதனால் இந்த எலும்புகளை வீட்டில் அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். தொடும்போது கையுறை போடுங்கள், பக்கத்தில் எதுவும் சாப்பிடாதீர்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கைகர் கவுண்டர் எலும்பைப் பற்றிச் சொல்லும், அறையில் எவ்வளவு ரேடான் இருக்கிறது என்று சொல்லாது. அதற்குத் தனிக் கருவி உண்டு. வீட்டுக்குள் ரேடானுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு கனமீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அதைத் தாண்டினால் எலும்பை முதலில் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.