ஊட்டச்சத்துப் பாடம்: வகுப்பிலா, அடுப்படியிலா, வார்டிலா?

ஸ்கர்வி எந்த வைட்டமின் குறைந்தால் வரும் என்று கேட்டால், முதலாண்டு மருத்துவ மாணவர் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்லிவிடுவார். நான்கு வருடம் கழித்து, ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் வார்டில் படுத்திருக்கும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் அவருடைய எடை எழுதியிருக்கிறதா என்று அதே மாணவர் தேடுவாரா? எனக்குச் சந்தேகம்தான். அதனால் ஊட்டச்சத்தைச் சொல்லிக்கொடுக்கும் எந்த வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

பழைய வழி தனிப்பாடம். ஆரம்ப ஆண்டுகளில், உயிர்வேதியியலை ஒட்டி, இத்தனை மணி நேரம் என்று ஒதுக்கிவிடுவது. அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சிக் குழு 1985-லேயே குறைந்தது 25 மணி நேரமாவது வேண்டும் என்று சொன்னது. 2010-ல் வெளிவந்த கணக்கெடுப்பில் அங்கே சராசரி 19.6 மணி நேரம்தான். 25-ஐ எட்டிய கல்லூரிகள் கால்வாசிக்குச் சற்று மேல். ஆனாலும் தனிப்பாடத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. கால அட்டவணையில் இடம், பொறுப்புக்கு ஓர் ஆசிரியர், கேள்வித்தாளில் ஒரு கேள்வி, மூன்றும் உறுதி. மறதிதான் அதன் கோளாறு. வளர்சிதை மாற்றப் படத்தின் ஓரத்தில் படித்த தயமின் (வைட்டமின் பி1), நெடுநாள் குடிப்பழக்கத்தால் அது குறைந்துபோன ஒருவர் குழம்பிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வரும்போது நினைவுக்கு வர வேண்டுமே!

இதற்கு மாற்றாக, எல்லாப் பாடத்திலும் கலந்து கொடுப்போம் என்கிறார்கள். இதயத்தில் உப்பு, சிறுநீரகத்தில் பொட்டாசியம், மகப்பேற்றில் ஃபோலிக் அமிலம். தாளில் பார்க்க அழகாக இருக்கிறது. நடப்பது வேறு: உணவு பற்றிய ஸ்லைடு எப்போதும் கடைசி ஸ்லைடு, மணி அடித்ததும் அதுதான் முதலில் போகும். அடுத்த துறை பார்த்துக்கொள்ளும் என்று எல்லாத் துறையும் நினைத்துக்கொள்ளும்.

இணையவழிப் பாடம் மலிவு, எங்கிருந்தும் படிக்கலாம். திருப்பிப் பார்க்க நல்லது, அவ்வளவுதான்.

சமையற்கூடம்தான் இப்போது பேச்சு. அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. மாணவர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு வெட்டி, வதக்கி, ருசி பார்க்கிறார்கள். கேலி செய்யத் தோன்றும். ஆனால் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது என்று கையில் அளந்து பார்த்தவர், "உப்பைக் குறையுங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர மாட்டார். குறை என்னவென்றால் இடமும் ஆளும் பணமும் நிறைய வேண்டும். மூக்கில் குழாய் வழியாக உணவு போகிற நோயாளிக்கு என்ன செய்வது என்பதையும் அடுப்படி சொல்லித்தராது.

அதைச் சொல்லித்தருவது வார்டு. என் ஓட்டு அதற்குத்தான், ஆனால் ரவுண்ட்ஸில் டயட்டீஷியனும் (உணவியல் நிபுணர்) கூட வர வேண்டும். "நல்லா சாப்பிடுறீங்களா?" என்று மாணவர் கேட்பார், "ம்" என்று பதில் வரும், கதை முடிந்தது. டயட்டீஷியன் "நேத்து எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு?" என்று தொடங்குவார். பத்து நிமிடத்தில் நோயே வேறாகத் தெரியும். நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு அவசரப்பட்டு நிறைய மாவுச்சத்து கொடுத்தால், இன்சுலின் ஏறி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்படும். இதயத் துடிப்பே தடுமாறலாம். இதைப் புத்தகத்தில் படித்தவர் மறக்கலாம். பாஸ்பேட் அளவு விழுவதை ஒரு நோயாளியிடம் பார்த்தவர் மறக்க மாட்டார். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறைவது, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டி மருந்தின் வேலையைக் குறைத்துவிடுவது, எல்லாம் அப்படித்தான்.

வார்டுக்கும் குறை உண்டு. எந்த நோயாளி வருவார் என்பது அதிர்ஷ்டம், டயட்டீஷியன்களும் எண்ணிக்கையில் குறைவு. அதனால் தனிப்பாடத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டு, மீந்த மணி நேரத்தை வார்டுக்குக் கொடுக்கலாம். அப்புறம், தேர்வில் இல்லாததை மாணவர் படிக்க மாட்டார், அவர்மேல் குற்றமும் இல்லை. இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் உணவு விவரம் கேட்டு வாங்குவதற்கென்று ஒரு மேசை போடுங்கள். பக்கத்தில் ஓர் எடை இயந்திரத்தையும், ஒன்றும் சொல்லாமல், வைத்துவிடுங்கள். நோயாளியை அதில் ஏறச் சொல்லாதவருக்குப் பாதி மதிப்பெண்தான்.