இசட் டிரைவா, சிங்க் ஸ்கிரிப்டா: 38 மெடிக்கல் கடைக்கு அப்டேட் அனுப்ப நாங்க எடுத்த வழி

எங்க பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுறது மொத்தம் 38 மெடிக்கல் கடையில. புரசைவாக்கம், பெரம்பூர், வேளச்சேரி, அம்பத்தூர்னு ஊர் பூரா சிதறிக் கிடக்கு, ஆபீஸ் ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு மொட்டை மாடி ரூம். புது வெர்ஷன் வந்தா பாதி கடைக்கு எனிடெஸ்க் (இங்க இருந்தே கடை பிசியை இயக்குற சாஃப்ட்வேர்), மீதி கடைக்கு பென் டிரைவை பாக்கெட்ல போட்டுக்கிட்டு பைக்தான். அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2025 செப்டம்பர் 22 திங்கக்கிழமை பெரும்பாலான மருந்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துலேர்ந்து 5 ஆச்சு பாருங்க, அன்னைக்குத்தான் இந்த வேலை எவ்ளோ கேவலமா இருக்குன்னு உறைச்சுது. ரேட் மட்டும் மாத்தினா பரவால்ல, பழைய ரேட்ல வித்த மாத்திரை ரிட்டர்ன் வந்தா பழைய ரேட்லயே திருப்பணும், அதுக்கு ப்ரோகிராமையே மாத்தி ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள எல்லா கடைக்கும் போயாகணும். நானும் இன்னொரு பையனும் ரெண்டு பைக்ல சுத்தினோம். பெரம்பூர்ல கடைசி கடை ஷட்டர் இறங்குறப்போ மணி பதினொன்றரை.

அதுக்கப்புறம்தான் கிளவுட்ல ஒரு ஃபோல்டரை வச்சு அதை எல்லா கடை பிசியிலயும் இசட்னு ஒரு டிரைவா மேப் பண்ணிடலாம், அதாவது சி, டி டிரைவ் மாதிரியே அதுவும் தெரியணும்னு உக்காந்தோம். ஏன் டிரைவ், ஒழுங்கா ஒரு டவுன்லோடர் எழுதக்கூடாதான்னு கேப்பீங்க. எங்க அப்டேட்டர் எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது, பழைய விபி (விஷுவல் பேசிக்) கோடு, அதுக்கு தெரிஞ்சது ஒரே ஒரு விஷயம்தான், ஒரு பாத் (ஃபோல்டர் இருக்கிற இடம்) குடுத்தா, அங்க வெர்ஷன் நம்பரைப் பாத்து அந்த ஃபைலையெல்லாம் எடுத்து இங்க போடும். அதுல கை வைக்க யாருக்கும் தைரியம் இல்ல. டிரைவா தெரிஞ்சுட்டா பாத்தை மட்டும் மாத்தினா போதும்.

கூகுள் டிரைவ் தான் எல்லாருக்கும் முதல்ல தோணும். 15 ஜிபி ஃப்ரீ, டெஸ்க்டாப் ஆப் போட்டா ஜி டிரைவ்னு வந்து உக்காந்துக்கும். ரெண்டு கடையில ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டு எடுத்துட்டோம். ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருந்தா கூகுள் டிரைவுக்கு ஓகே, விண்டோஸுக்கு ஆகாது, அதனால ஒண்ணுக்கு பின்னாடி அடைப்புக்குறிக்குள்ள 1 போட்டு காட்டும். எந்த டிஎல்எல் (ப்ரோகிராமோட துணை ஃபைல்) புதுசு எது பழசுன்னு பாவம் அந்த விபி கோடுக்கு எப்படி தெரியும். கடைப் பையன் சைன் அவுட் பண்ணிட்டா டிரைவே காணாம போறது தனிக் கதை.

அடுத்தது அஸ்யூர் ஃபைல்ஸ், மைக்ரோசாஃப்ட் கிளவுட்ல ஃபைல் ஷேர் போடுற சர்வீஸ். உண்மையச் சொன்னா காகிதத்துல பாத்தா இதுதான் ஜெயிக்கணும். விண்டோஸ்ல தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம், ஆபீஸ் லேன்ல ஷேர் போடுறோமே அதுக்கு ஓடுற அதே எஸ்எம்பி முறைதான், ஃபைல் லாக் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யும். அவங்க தென்னிந்திய ரீஜியனே (டேட்டா சென்டர் இருக்கிற இடம்) சென்னையிலதான் இருக்கு, ஊருக்குள்ளயே சர்வர், வேற என்ன வேணும்னு நினைச்சேன்.

அப்புறம் கடைக்குப் போய் டெஸ்ட் பண்ணேன். எஸ்எம்பி போறது 445-ங்கிற போர்ட்ல (நெட்ல ஒவ்வொரு வேலைக்கும் இருக்கிற நம்பர் போட்ட கதவு மாதிரி), வான்னாக்ரை வைரஸ் 2017-ல பரவினதும் இதே வழியாத்தான், அதனால நெட் கம்பெனிக்காரங்க பல பேர் இந்த போர்ட்டை வெளிய விடவே மாட்டாங்க. பவர்ஷெல்ல போர்ட்டைத் தட்டிப் பாக்குற கமாண்ட் ஒண்ணு இருக்கு, அஞ்சு கடையில ஓட்டினேன், மூணுல ஃபால்ஸ்னு வந்துச்சு, அதாவது போர்ட் மூடிக் கிடக்கு. ஒரு கடையில ஏரியா கேபிள்காரர்கிட்ட நெட் வாங்கியிருக்காங்க, அவருக்கு போன் போட்டு "அண்ணே 445 ஓபன் பண்ணணும்"னேன், "எந்த சேனல் தம்பி"ன்னார். விபிஎன் (நெட் வழியா தனிப் பாதை) போட்டா சுத்திக்கிட்டு போகலாம்தான், ஆனா 38 மெடிக்கல் கடையில விபிஎன் போட்டு அதைப் பாத்துக்கறதுக்கு நான் பைக்லயே போயிடுவேன். இன்னொண்ணு, ஸ்டோரேஜ் அக்கவுன்ட் கீ வச்சு மேப் பண்ணா அந்த கீ மொத்த அக்கவுன்ட்டுக்கும் சாவி, கடை பிசியில அதைப் போட்டு வைக்க மனசு வரல. அஸ்யூர் விஎம் (அவங்க கிளவுட்ல ஓடுற கம்ப்யூட்டர்) உள்ளயே அப்டேட் போடுறவங்களா இருந்தா நான் சொல்றதை விட்டுட்டு கண்ணை மூடிட்டு இதையே எடுங்க, அங்க இந்த போர்ட் பஞ்சாயத்தே கிடையாது.

நாங்க கடைசியா எடுத்தது ஆர்க்ளோன் (rclone), கிளவுட் ஃபைலை காப்பி பண்ணவும் டிரைவா காட்டவும் ஒரு டூல். ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ்ல டிரைவா காட்ட வின்எஃப்எஸ்பின்னு ஒரு டிரைவர் கூட போடணும். பின்னாடி ஏடபிள்யூஎஸ், அதாவது அமேசான் கிளவுட், மும்பை ரீஜியன்ல ஒரு எஸ்3 பக்கெட் (ஃபைல் போட்டு வைக்கிற இடம்). போறது சாதாரண 443 போர்ட்ல, வெப்சைட் ஓபன் ஆகுற எந்த கடையிலயும் இது ஓடும், எங்களுக்கு பாதி பிரச்சனை இதுலயே முடிஞ்சுது. செலவும் பெருசா இல்ல. ஒரு ரிலீஸ் 85 எம்பி, 38 கடைக்கு கணக்குப் போட்டா 3.2 ஜிபி, மாசத்துக்கு நாலு ரிலீஸ் விட்டாலும் ஏடபிள்யூஎஸ் வெளிய எடுக்க ஃப்ரீயா குடுக்குற 100 ஜிபி பக்கத்துல கூட போகாது.

இப்ப விஷயத்துக்கு வரேன், ஏன்னா இதை யாரும் ஒழுங்கா சொல்றதில்ல. டிரைவ்ல "காப்பி முடிஞ்சுது"ன்னு வந்தா நிஜமா முடிஞ்சுதா? அஸ்யூர் ஃபைல்ஸ்ல முடிஞ்சுதுன்னா சர்வர் வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம். ஆர்க்ளோன் மவுண்ட்ல (இப்படி டிரைவா காட்டுறதுக்கு அதான் பேரு) கேஷ் மோடுங்கிற செட்டிங்கை ரைட்ஸ்லயோ ஃபுல்லயோ வச்சா அப்படி இல்ல. ஃபைல் முதல்ல உங்க பிசியில இருக்கிற கேஷ் ஃபோல்டருக்கு (தற்காலிகமா வச்சுக்கற இடம்) போகும், பச்சைக் கோடு சர்ருனு ஓடி முடியும், அப்புறம் ஃபைலை மூடி 5 செகண்ட் கழிச்சுத்தான் மேல ஏத்தவே ஆரம்பிக்கும். அதுவும் ஒண்ணு ஒண்ணா இல்ல, டீஃபால்ட்ல ஒரே நேரத்துல நாலு நாலா. எது முதல்ல போய்ச் சேரும்னு கேரண்டி கிடையாது.

நான் மாட்டினது இதுலதான். நவம்பர் மாசம், நல்ல மழை, சாயங்காலம் ஆறு மணி. ஒவ்வொரு ரிலீஸையும் வெர்ஷன் நம்பர் போட்ட தனி ஃபோல்டர்ல வச்சுட்டு, கடைசியா லேட்டஸ்ட்னு ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல்ல அந்த நம்பரை எழுதுவோம், கடை அப்டேட்டர் அதைப் பாத்துத்தான் எந்த ஃபோல்டர்னு முடிவு பண்ணும். ஒழுங்காத்தான் யோசிச்சிருக்கோம்னு நினைச்சேன். 4.18 ஃபோல்டரை டிரைவ்ல போட்டேன், முடிஞ்சுதுன்னு வந்துச்சு, டெக்ஸ்ட் ஃபைலை மாத்தி சேவ் பண்ணேன், லேப்டாப்பை மூடி பையில வச்சுட்டு தண்ணி தேங்குறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னு கிளம்பிட்டேன். அந்த டெக்ஸ்ட் ஃபைல் வெறும் நாலு எழுத்து, பறந்து போய் சேந்துடுச்சு, குட்டி டிஎல்எல்லும் போயிடுச்சு, 60 எம்பி எக்ஸி (மெயின் ப்ரோகிராம் ஃபைல்) மட்டும் என் லேப்டாப் கேஷ்லயே தூங்குது. லேப்டாப்போ என் முதுகுல, கிண்டி சிக்னல்ல நனைஞ்சுக்கிட்டு இருக்கு.

கடையில அப்டேட்டர் எழுந்துச்சு, 4.18-னு பாத்துச்சு, ஃபோல்டர்ல இருந்ததை மட்டும் எடுத்துப் போட்டுச்சு. பழைய எக்ஸி, புது டிஎல்எல், ரெண்டும் ஒத்துப்போகல. ஏழு மணி, டாக்டர் கிளினிக் எல்லாம் திறந்து கடையில கூட்டம் நிக்கிற நேரம், புரசைவாக்கம் அண்ணாச்சி போன் பண்றார், "தம்பி, பில்லு திறக்கவே மாட்டேங்குது, நான் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்". நடு ரோட்டுல வண்டிய ஓரம் கட்டி ஒரு டீக்கடை ஷீட்டுக்கு அடியில லேப்டாப்பைத் திறந்தேன், ஹாட்ஸ்பாட் போட்டேன். மவுண்டை அதே செட்டிங்ல திரும்ப ஓட்டினா மிச்சம் இருக்கிறதை அதுவே ஏத்திடும், அது மட்டும் ஒரு நல்ல குணம், ஏத்துச்சு. மூணு கடைதான் மாட்டிச்சு, மத்தவங்க அப்டேட்டர் ஓட்டுறதுக்கு முன்னாடியே சரியாயிடுச்சு.

அன்னைலேர்ந்து ஏத்துறதுக்கு டிரைவை நான் தொடுறதே இல்ல. புது வெர்ஷனை உருவாக்குற பில்ட் மெஷின்ல மவுண்டே கிடையாது, அதே ஆர்க்ளோன்ல காப்பி கமாண்ட், அது எல்லா ஃபைலும் நிஜமா மேல போனாத்தான் திரும்பி வரும். அப்புறம் செக் கமாண்ட், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கும். அது சரின்னாத்தான் டெக்ஸ்ட் ஃபைல் போகும். கடையில மட்டும் மவுண்ட், அதுவும் ரீட் ஒன்லி. கடைக்குக் குடுத்த ஏடபிள்யூஎஸ் கீக்கும் அந்த ஒரு பக்கெட்டைப் படிக்க மட்டும்தான் பெர்மிஷன், ஏன்னா ஆர்க்ளோன் கான்ஃபிக் ஃபைலுக்கு தனியா பாஸ்வேர்டு போடலைன்னா உள்ள இருக்கிற ரகசியத்தை யாரும் எடுத்துடலாம்.

கடைப் பக்கம் வந்த தலைவலியையும் சொல்லிடறேன். மேப் பண்ண டிரைவ் யார் லாகின்ல போட்டாங்களோ அவங்களுக்குத்தான் தெரியும், அட்மினா ஓட்டுற ப்ரோகிராமுக்கு தெரியாது. எங்க அப்டேட்டர் அட்மினாத்தான் ஓடும், அதனால எக்ஸ்ப்ளோரர்ல டிரைவ் கண்ணு முன்னாடி இருக்கு, அப்டேட்டர் "பாத் இல்ல"ங்குது. அரை நாள் போச்சு. டாஸ்க் ஷெட்யூலர்ல (விண்டோஸ்ல தானா வேலையை ஓட்டுறது) சிஸ்டம்ங்கிற விண்டோஸோட சொந்த அக்கவுன்ட்ல ஆர்க்ளோனை ஓட்டினா எல்லாருக்கும் தெரியும், முடிஞ்சுது. நாலு கடையில இசட் ஏற்கெனவே ரெண்டாவது கவுண்டரோட லேன் ஷேருக்குப் போயிருந்துச்சு, அங்க ஒய்னு வச்சோம். விண்டோஸோட காப்பி கமாண்ட் ரோபோகாப்பி கதை வேற. காப்பி ஒழுங்கா நடந்தாலே அது 1-னு ரிசல்ட் நம்பர் குடுக்கும், 8-ம் அதுக்கு மேலயும்தான் ஃபெயில், இது தெரியாம நல்லா முடிஞ்ச அப்டேட்டையெல்லாம் ஃபெயில்னு காட்டிக்கிட்டு இருந்தோம். நெட் போனா ரீட்ரை டீஃபால்ட்டா பத்து லட்சம் தடவை, ஒவ்வொண்ணுக்கும் 30 செகண்ட் வெயிட்டிங், அதைக் குறைச்சு வைக்கலன்னா விடிய விடிய நிக்கும். அப்புறம் தயவுசெஞ்சு எக்ஸியை டிரைவ்லேர்ந்தே ஓட்டாதீங்க. எங்க பையன் ஒருத்தன் ஷார்ட்கட்டை இசட்டுக்கே போட்டு வச்சுட்டான், நல்லாத்தான் ஓடுச்சு, ஒரு நாள் நெட் போச்சு, பில் போட்டுக்கிட்டு இருக்கும்போதே ப்ரோகிராம் பொத்துனு விழுந்துச்சு. விண்டோஸ் எக்ஸியை முழுசா ஒரே தடவை மெமரிக்கு இழுக்கிறதில்ல, தேவைப்படும்போது துண்டு துண்டா எடுக்கும், எடுக்கப் போற நேரத்துல டிரைவ் இல்லன்னா அவ்ளோதான்.

இவ்ளோ பாடுக்கு டிரைவே வேணாம், ஏடபிள்யூஎஸ் சிங்க் கமாண்டை ஷெட்யூலர்ல போட்டு லோக்கல் ஃபோல்டருக்கு இறக்கிட்டா போதாதான்னா, போதும். டிரைவர் வேணாம், நெட் போனா அடுத்த தடவை மிச்சத்தை எடுத்துக்கும். ஒரு பொறி மட்டும் இருக்கு, எஸ்3-லேர்ந்து இறக்கும்போது சைஸ் ஒண்ணா இருந்தா பக்கெட்ல இருக்கிறது புதுசா இருந்தாலும் டீஃபால்ட்டா அது தொடாது. லேட்டஸ்ட் ஃபைல்ல 4.18-ஐ 4.19-னு மாத்தினா ரெண்டும் நாலு எழுத்துதானே, சைஸ் மாறாது, கடை பழசையே கட்டிக்கிட்டு நிக்கும். எக்ஸாக்ட் டைம்ஸ்டாம்ப்ஸ்னு ஒரு ஆப்ஷன் சேத்தா சரியாயிடும். புதுசா ஒரு சாஃப்ட்வேர் ஆரம்பிச்சா நான் இந்த வழியில போனாலும் போவேன்.

ஆனாலும் இப்ப மவுண்ட்லயே இருக்கோம், காரணம் டெக்னிக்கலா பெருசா ஒண்ணும் இல்ல. சப்போர்ட்ல இருக்கிற பொண்ணு போன்ல "அண்ணாச்சி, மை கம்ப்யூட்டர் ஓபன் பண்ணுங்க, இசட் தெரியுதா, உள்ள 4.17 ஃபோல்டர் இருக்கா, அதுல செட்டப்பை டபுள் கிளிக் பண்ணுங்க"ன்னு சொன்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். டிரைவ்னா அவங்களுக்குப் புரியுது. எல்லா வெர்ஷனும் பக்கெட்லயே கிடக்கும், கடை பிசியில இருக்கிற 120 ஜிபி எஸ்எஸ்டியில இடம் அடைக்காது. புது ஃபோல்டர் கடையில தெரிய அஞ்சு நிமிஷம் வரைக்கும் ஆகும், ஆர்க்ளோன் பழைய லிஸ்டை அவ்ளோ நேரம் ஞாபகம் வச்சுக்கும், எங்களுக்கு அது பிரச்சனையே இல்ல. நூறு கடை, இருநூறு கடை ஆச்சுன்னா இதே தாங்குமான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், அந்த அளவுக்கு நாங்க வளரல. லினக்ஸ்ல ஏடபிள்யூஎஸ்ஸோட மவுண்ட்பாயின்ட்னு ஒண்ணு 2023-லேர்ந்து இருக்கு, ஒரே ஒரு சர்வர்ல ரிப்போர்ட் ஃபைல் படிக்க மட்டும் போட்டு வச்சிருக்கேன், நல்லாத்தான் போகுது, அது விண்டோஸ்ல கிடையாதுங்கிறதால கடைக்கு ஆகல.

38-ல 37 கடை இப்ப இப்படித்தான். பெரம்பூர்ல அந்தக் கடைசி கடை மட்டும் இன்னும் விண்டோஸ் 7, புது ஆர்க்ளோன் அதுல ஓடாது, மெஷினை மாத்துங்கன்னா "நல்லாத்தானே ஓடுது"ங்கிறார். அவருக்கு இப்பவும் பென் டிரைவ்தான், போனா ஒரு டீ வாங்கிக் குடுப்பார்.