பல அமர்வு வகுப்புக்கு எந்தச் சீட்டு: முழுத் தொடருக்கா, அமர்வுதோறுமா?

தஞ்சாவூரில் 8 வாரம் நடக்கும் ஓவிய வகுப்புக்கு இணையத்தில் சீட்டு விற்க முனைவோர், முழுத் தொடருக்கும் ஒரே சீட்டா, அமர்வுதோறும் தனிச் சீட்டா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியம் படிப்படியாக உருவாவது: பலகையில் துணி ஒட்டி, சாக் பவுடரும் பசையும் குழைத்துப் பூசி, கல் பதித்து, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய பிறகே வண்ணம் தீட்டுவது வழக்கம். நான்காம் வாரம் புதிதாகச் சேர்பவரிடம் ரேக்கு ஒட்டுவதற்கான பலகையே இருக்காது. ஆகவே இத்தகைய வகுப்புக்கு ஒரே சீட்டுதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. பலகையும் கல்லும் ரேக்கும் எத்தனை பேருக்கு வாங்குவது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சீட்டின் கியூஆர் குறியீடு முதல் நாளிலேயே ‘பயன்படுத்தப்பட்டது’ என்று முடங்கிவிடாமல், 8 நாளும் தனித்தனியே வருகை பதியும்படி அமைக்க வேண்டும். இதைச் சோதித்துப் பாராமல் விற்பனையைத் தொடங்கவே கூடாது.

கும்பகோணத்தில் வாரம் ஒரு பலகாரம் கற்றுத்தரும் சமையல் வகுப்புக்கோ தனிச் சீட்டே போதும். குறுவை அறுவடையால் வர இயலாதவர் அந்த வாரத்தை மட்டும் விட்டுவிடலாம். இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவை, சீட்டுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பிடிக்குமானால், 8 அமர்வுக்கும் தனித்தனியே சீட்டு வாங்குபவருக்கு அது 8 முறை பிடிக்கப்படும் என்பதையும் விலையில் கணக்கிட வேண்டும்.

இரண்டு வகையையும் சேர்த்து விற்பதானால், ஒரு தொடர்ச்சீட்டு விற்றவுடன் 8 அமர்வுகளின் இருக்கைக் கணக்கிலும் தலா ஒன்று தானாகக் குறைய வேண்டும். அந்த வசதி இல்லாத தளத்தில், தொடர்ச்சீட்டு விற்பனையை முடித்த பின்னரே எஞ்சிய இடங்களைத் தனிச் சீட்டுகளாகத் திறப்பது பாதுகாப்பானது.