பெரிய சில்லு போட்டு மீற்றரையும் "கலிபிரேற்" பண்ணித் தருகிறோம் என்றால் கொஞ்சம் பொறுங்கள்

யாழ்ப்பாணத்தில் காருக்கு அலோய் சில்லுப் போட யோசிக்கிறவர்கள் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, உள்பெட்டியில் கேட்கவும் வேண்டாம்.

என்னுடையது ரொயோட்டா விட்ஸ். கம்பனி ரயர் 165/70 ஆர்14, அதாவது அகலம் 165 மில்லிமீற்றர், பக்க உயரம் அதில் 70 வீதம், சில்லு 14 இஞ்சி. தேய்ந்துவிட்டது என்று மாற்றப் போன இடத்தில் முதலாளி, "அண்ணை, 15 இஞ்சி போட்டால் எடுப்பா இருக்கும், மீற்றர் பிழைக்கும் எண்டு யோசிக்காதேங்கோ, நாங்களே கலிபிரேற் பண்ணித் தாறம்" என்றார். கலிபிரேற் என்றால் புது ரயர் அளவுக்கு ஏற்ப மீற்றரைத் திருத்துவது. எனக்கும் ஆசை. ஜப்பானிலிருந்து வந்த பழைய அலோய் ஒரு செற், அதற்கு 185/65 ஆர்15 ரயர், கலிபிரேசனுக்கு மட்டும் தனியாக 7,500 ரூபா. ஒரு பெடியன் ஸ்ரியரிங்குக்குக் கீழே ஸ்கானரைச் செருகி ஐந்து நிமிடம் எதையோ தட்டினான், பிறகு கழற்றினான், அவ்வளவுதான் வேலை.

சரி வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதலாளி என்னையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழி தாண்டி ஒரு ஓட்டம் போனார். மீற்றரில் 70, என் போனில் ஜிபிஎஸ்ஸும் 70. "பாத்தியளே, அச்சொட்டு!" நானும் சிரித்துக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

அந்த அச்சொட்டுத்தான் சுத்துமாத்து. கம்பனியில் வரும் மீற்றர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டக் கூடாது என்பது சர்வதேச விதி. என் காரில் முந்தி மீற்றர் 70 காட்டும்போது ஜிபிஎஸ் 66 தான். புது ரயர் விட்டத்தில் 6 வீதம் பெரிது, ஒரு சுற்றில் அவ்வளவு கூடுதலாக ஓடும், ஆனால் சில்லில் இருக்கும் சென்சர் எண்ணுவது சுற்றைத்தானே, ரயரின் பருமன் அதற்கு எங்கே தெரியப்போகிறது. 66 தானாகவே 70 ஆகிவிட்டது. ஒருவரும் ஒன்றும் கலிபிரேற் பண்ணவில்லை.

எனக்கு இது பிடிபட்டது கிளிநொச்சிக்குப் போய் வரும்போது. கொக்குவிலில் என் வீட்டிலிருந்து அங்கே எப்போதும் 68 கிலோமீற்றர் காட்டும், இப்போது 64. பெற்றோல் கூடக் குடிக்கிறதோ என்றுதான் முதலில் பயந்தேன். அடுத்த முறை பளை தாண்டி ஏ9 வீதியில் கிலோமீற்றர் கல்லைப் பார்த்து ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி ஓடினேன், பத்துக் கிலோமீற்றருக்கு 9.4. மீற்றர் கூட்டிக் காட்டுவது வேகத்தைத்தான், தூரத்தை அல்ல; உண்மையாகவே திருத்தியிருந்தால் இந்தத் தூரமும் சரியாக வந்திருக்க வேண்டும்.

தெரிந்த கராஜ்காரர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, டிக்கியிலிருந்த பழைய 14 இஞ்சி ஸ்பெயார் சில்லை எடுத்து முன்சில்லுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். மூன்றரை சென்ரிமீற்றர் உயர வித்தியாசம். பிறகு ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டச் சொன்னார், மட்காட்டின் உள்பக்க பிளாஸ்ரிக்கில் ரயர் உரசித் தேய்ந்த தடம் பளபளவென்று தெரிந்தது. ஒழுங்கைக்குள் திரும்பும்போது வந்த கரகர சத்தம் அதுதானாம். சில கார்களில் கம்பியூட்டரில் ரயர் அளவை மாற்றலாம், என்னுடையதில் அவர் தேடிப் பார்த்தும் அப்படி ஒன்றும் இல்லை. 15 இஞ்சிதான் வேண்டுமென்றால் 175/60 போட்டிருக்கலாம், விட்டம் ஒரு வீதம்கூடக் கூடாது, மீற்றரைத் தொடவே தேவையில்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். பூட்டிய ரயரைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடிக்கலாம் என்று பில்லை எடுத்துப் பார்த்தால், அதில் "மீற்றர் வேலை 7,500" என்று மட்டும் கிடக்கிறது, கலிபிரேசன் என்ற சொல்லே இல்லை. நீங்கள் யாராவது செய்வித்தால் ரயர் அளவையும் என்ன வேலை என்பதையும் எழுதி வாங்குங்கள், காசு கொடுக்க முதல் கிலோமீற்றர் கல்லோடு ஓடிப் பாருங்கள், ஜிபிஎஸ் வேகத்தை மட்டும் காட்டினால் தலையாட்டாதீர்கள்.

வெளிக்கிடும்போது முதலாளி, "கோவிக்காதேங்கோ அண்ணை, அடுத்த முறை வீல் அலைன்மென்ற் சும்மா செய்து தாறன்" என்றார்.